பேர் அழிந்த லென்ஸ்

ஜனவரி 18, புதன்

தங்கச்சி வடிவுக்குத் தென்காசியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பேர் குற்றாலநாதன், புனேயில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், பெண்ணின் போட்டோ. அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். செல்போனில் ஒன்று எடுத்து அனுப்பு என்கிறாள். செல்போனிலாம்! இந்தத் திருநெல்வேலி டவுனில் பழைய பிலிம் கேமராவில் இன்னமும் படம் எடுக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தன் இந்த வீட்டிலேயே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவன் கூடப்பிறந்தவளுக்குச் செல்போன் படமா? ஸ்டூடியோ அதைவிட மோசம். போன வருஷம் என் மச்சினிக்கு ஒருத்தன் எடுத்துக் கொடுத்தான். முகத்தை வெளுக்கிறேன் என்று மூக்கையே காணாமல் ஆக்கிவிட்டான்.

நானே எடுக்கிறேன், கறுப்பு வெள்ளையில், காலத்துக்கும் நிற்கிற மாதிரி என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரி சங்கரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வடிவு மட்டும்தான் எனக்கு ஆதரவு.

"நல்ல லென்ஸா பாத்து எடுண்ணே. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

இருபத்தெட்டு வயசில் இப்போதாவது அவளுக்கு லென்ஸின் அருமை புரிந்ததே. என் கேமராவில் திருகி மாட்டுகிற பழைய லென்ஸ்கள் எத்தனையோ சேரும். ரஷ்யாக்காரன் செய்தது, ஜெர்மன்காரன் செய்தது, ஜப்பான்காரன் செய்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கட்டிடத்துக்கு நன்றாக இருப்பது முகத்துக்கு ஆகாது. எதை மாட்டுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். ஊருக்கெல்லாம் லென்ஸ் பார்த்துக் கொடுக்கிறவன் சொந்தத் தங்கச்சி விஷயத்தில் அவசரப்பட முடியாது. நாளைக்கு எபனேசரிடம் பேச வேண்டும்.

ஜனவரி 20, வெள்ளி

எங்கள் பிலிம் கேமரா குழுவில் உருப்படியான ஆள் எபனேசர் ஒருத்தன்தான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் வாத்தியார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு பீரோ நிறையப் பழைய லென்ஸ் வைத்திருக்கிறான். குளியலறையை இருட்டாக்கி பிலிமும் கழுவுவான், பிரிண்டும் போடுவான். போனில் விஷயத்தைச் சொன்னதும், பையன் யார், எந்த ஊர் என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, எல்லா லென்ஸையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம் அண்ணாச்சி, அவசரப்பட்டு எடுத்து அனுப்பிவிடாதீர்கள் என்றான். பொறுப்பான பையன்.

வடிவு அதே கல்லூரியில்தான் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஆகவே லென்ஸுக்காக நான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அலைய வேண்டியதில்லை. சாயங்காலம் அவளே கைப்பையில் கொண்டுவந்துவிடுகிறாள். இப்படி ஒரு வசதி இருப்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். இன்று வந்தது ரஷ்யாவின் ஹீலியோஸ். பஞ்சில் சுற்றித் துணிப்பையில் போட்டு, மேலே ஒரு முழம் பிச்சிப்பூவும் வைத்து அனுப்பியிருந்தான். பூ எதற்கு என்றேன். பூ வாடாமல் இருந்தால் பைக்குள் ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். வேதியியல் படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேலை முடிந்த பூவை வீணாக்குவானேன் என்று வடிவு தலையில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 22, ஞாயிறு

முதல் படப்பிடிப்பு. கிணற்றடியில் காலை வெயில். வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று எபனேசரை வரச்சொல்லியிருந்தேன். என் எட்டு முழ வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அவனைத் தவிர வேறு எவனும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி வந்து நிற்கமாட்டான். கோயிலுக்குப் போகவில்லையா என்றேன். சர்ச்சில் விடியற்காலை ஆராதனைக்கே போய்விட்டு வந்தானாம்.

தையல் டேப்பை வடிவின் மூக்கு நுனியிலிருந்து கேமராவரை பிடித்துத் தூரம் அளந்தேன். பழைய லென்ஸில் இதெல்லாம் பார்க்க வேண்டும். கண்ணில் விழவேண்டிய தெளிவு காதில் போய் விழுந்துவிடும். அளந்து முடிக்கிற நேரத்தில் வடிவு, "அண்ணே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். வாயை அசைக்காதே, அளவு மாறிவிடும் என்றேன். வாயை மூடிக்கொண்டாள். மறுபடி அளந்தேன். மறுபடி அதே அண்ணே. எனக்கு வந்ததே கோபம்.

அம்மா எபனேசருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் போனபிறகு என்னிடம், வேதக்காரப் பிள்ளையாய் இருந்தாலும் என்ன மரியாதை பாரு, நம்மாட்களில் இப்படி ஒருத்தன் இல்லையே என்று அங்கலாய்த்தாள். நமக்கு என்ன குறைச்சல், தென்காசிப் பையனும் மரியாதையாகத்தான் இருப்பான் என்றேன்.

ஜனவரி 26, வியாழன்

பிரிண்ட் வந்தது. ஹீலியோஸின் குணமே பின்னால் இருப்பதைச் சுழற்றிக் காட்டுவதுதான். அது எனக்குத் தெரியும். ஆனால் பின்னால் தென்னை மரம் நின்றதை நான் யோசிக்கவில்லை. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏல உலகு, இவ தலயச் சுத்தித் தென்னமரம் கிறுகிறுன்னு சுத்துதே. பேய் புடிச்ச பிள்ளன்னுல்லா நெனப்பாவ."

மரம் கிடக்கட்டும். முகமும் சரியில்லை. பல்வலிக்காரி டாக்டரிடம் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறாள். ஹீலியோஸ் முகத்துக்கு ஆகாது என்று முடிவு செய்தேன். வடிவும் அதையேதான் சொன்னாள். வேறு லென்ஸ் பார்க்கலாம் என்று அவளாகவே மறுநாளுக்கு ஒன்று சொல்லிவைத்துவிட்டாள்.

ஜனவரி 27, வெள்ளி

அம்மா என்னோடு பேசவில்லை. பூவோடு அடுத்த லென்ஸ் வந்தது.

பிப்ரவரி 4, சனி

இது ஜப்பானின் டக்குமார். அந்தக் காலத்தில் இதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறார்கள், நாளாக ஆக மஞ்சள் பூத்துவிடும். வெயில் பட்டால் மஞ்சள் தெளியும். அதனால் ஒரு வாரமாக மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறேன். அம்மா வத்தல் போட்டிருந்த அதே பாயின் ஓரத்தில்தான். இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் லென்ஸின் மேல் ஒரு கூழ்வத்தல் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. தெரியாமல் விழுந்தது என்கிறாள் அம்மா. நட்டநடு மையத்தில் எப்படித் தெரியாமல் விழும்?

உரித்தெடுத்துத் துடைக்க ஒரு மணி நேரம் ஆனது. தென்காசியிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது, போட்டோ எங்கே என்று. அம்மாவுக்குப் பயம். வடிவுக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது, அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது, இந்த வரனும் கைநழுவினால் தன்னால் தாங்கமுடியாது என்று சாப்பிடும்போது அழுதாள். நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன். வடிவு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் மஞ்சள் போகவில்லையே, ஒரு வாரம் காயட்டும் என்றாள். நான் பார்த்தபோது தெளிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் சின்னக் கண்ணுக்குத்தான் அதெல்லாம் தெரியும். காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

டக்குமாரும் சரிப்படவில்லை. படம் தெளிவு, முகம் பழைய பல்வலி. இனி கேமராவையே மாற்றிப் பார்க்கலாம் என்று எபனேசர் ஒரு ரஷ்யக் கேமராவைக் கொண்டுவந்தான். இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, அது வழியாகப் பார்த்துத் தெளிவு வைக்க வேண்டும். புதுப் பழக்கம்தான், ஆனால் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஒரு பிலிம் சுருள் முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்தேன்.

ஆச்சரியம், இன்று வடிவின் முகத்தில் பல்வலியே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கன்னம் சிவந்து, கண்ணில் நீர் முட்டச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எபனேசருக்கு விடாத இருமல். வேட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். சளிக்கு மிளகு ரசம் வைத்துத் தரச்சொல்லி சங்கரியிடம் சொன்னேன். படம் பிரமாதமாக வரப்போகிறது.

பிப்ரவரி 14, செவ்வாய்

வடிவு இன்று வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. கல்லூரியில் ஏதோ விசேஷமாம். கழுவிய பிலிமை அவள்தான் கொண்டுவந்தாள். மொத்தச் சுருளும் வெறுமை. ஒரு கோடு கிடையாது. எபனேசருக்குப் போன் போட்டேன். லென்ஸ் மூடியைக் கழற்றினீர்களா அண்ணாச்சி என்று கேட்டான்.

மூடி! ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு லென்ஸ் மூடியிருப்பது எப்படித் தெரியும்? சரி, எனக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கும் பக்கத்தில் நின்றவனுக்குமா தெரியவில்லை? கேட்டேன். உன் வேலையில் குறுக்கே பேசினால் உனக்குக் கோபம் வருமே என்கிறாள் வடிவு. அதுவும் நியாயம்தான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

இன்று எபனேசர் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு லென்ஸ் கொண்டுவந்தான். பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். முன்வளையத்தில் பேர் முழுக்கத் தேய்ந்து அழிந்திருக்கிறது. எந்த நாடு, எந்தக் கம்பெனி, ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு மூலையில் பூசணம் வேறு. இதுவும் ஆகாவிட்டால் செல்போன்தான் என்று அம்மா கெடு வைத்துவிட்டாள்.

நான் நாலு படம் எடுத்தேன். அதற்குள் கடையிலிருந்து போன். யாரோ ஒருவர் இடது வலது கண்ணாடியை மாற்றிப் போட்டுவிட்டதாக வந்து சண்டை போடுகிறாராம். நான் வாசலில் நின்று போனிலேயே அவரைச் சமாதானம் செய்து முடிக்க நேரமாகிவிட்டது. வெயில் போய்விடுமே என்று, மீதியை நீயே எடுத்துவிடு என எபனேசரிடம் கேமராவைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வேட்டியைச் சங்கரி பிடித்துக்கொண்டாள். நான் திரும்பி வந்தபோது மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

பிப்ரவரி 23, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! பேர் அழிந்த லென்ஸ்தான்!

இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. அது வடிவுதானா என்று ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துவிட்டது. கண் பேசுகிறது. உதட்டில் சிரிப்பு இன்னும் வரவில்லை, ஆனால் இதோ வந்துவிடும் போல இருக்கிறது. முகம் முழுக்க ஒரு வெளிச்சம். வெயிலுக்கு அவ்வளவு வெளிச்சம் கிடையாது. அந்தப் பூசணம்தான் ஒளியை இதமாக்கிப் பரப்புகிறது என்று நினைக்கிறேன். போருக்கு முந்தின ஜெர்மன் லென்ஸாக இருக்கும். குழுவில் நீளமாக ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன், பூசணத்தைத் துடைக்காதீர்கள் என்று. பதினோரு பேர் கைதட்டினார்கள்.

ஒரே ஒரு குழப்பம். அதே லென்ஸில் நான் எடுத்த முதல் நாலு படத்திலும் பல்வலி அப்படியே இருக்கிறது. லென்ஸ் சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும் போல.

பிப்ரவரி 26, ஞாயிறு

விஞ்ஞான முறைப்படி சோதித்தேன். அதே லென்ஸ், அதே இடம், அதே வெயில். ஒரு படம் நான், அடுத்தது எபனேசர், மறுபடி நான், மறுபடி அவன். சாயங்காலத்துக்குள் கழுவிக் கொண்டுவரச் சொன்னேன். நான் எடுத்ததெல்லாம் பல்வலி. அவன் எடுத்ததெல்லாம் வெளிச்சம். என் நிழல் எங்கேயோ விழுந்து கெடுக்கிறது. நான் அவனைவிடப் பருமன்.

சங்கரியிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் கண்ணு பாத்துச் சொல்லுதிய. அந்தப் பிள்ள கேமராவையா பாக்கு? நல்லாப் பாருங்க" என்றாள்.

லென்ஸைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? இதற்கு மேல் இன்று எழுத இஷ்டமில்லை. கடைக்குப் புது ஃபிரேம்கள் வந்திருக்கின்றன, பிரித்து அடுக்க வேண்டும்.

பிப்ரவரி 28, செவ்வாய்

அம்மாவே படத்தை எடுத்துத் தென்காசிக்கு அனுப்பிவிட்டாள். எபனேசர் எடுத்ததில் நல்லதாகப் பார்த்து ஒன்று. நல்ல காரியம் முடிந்தது. வடிவு ராத்திரி சாப்பிடவில்லை. நிஜமாகவே பல்வலியோ என்னவோ.

மார்ச் 6, திங்கள்

தென்காசியில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பையனின் அம்மா போனில் படத்தைப் பற்றியே பேசினாளாம், இப்படி ஒரு லட்சணத்தைப் பார்த்ததில்லை என்று. வருகிற ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கே பூ வைத்துவிடுவார்களாம்.

வடிவு மத்தியானம் கடைக்கு வந்தாள். கல்லூரிக்கு லீவு போட்டிருக்கிறாள். என் எதிரே வாடிக்கையாளர் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்தாள். எனக்கு ஏனோ அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணு பாக்கணுமா என்று வேடிக்கையாகக் கேட்டேன். ஆமாண்ணே, ஆனா எனக்கு இல்ல என்றாள். அதற்குள் ஒரு வாத்தியார் வந்துவிட்டார், வாசிக்கிற கண்ணாடி கேட்டு. வடிவு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டாள். அவரை ஐந்து நிமிஷம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்குத் தென்காசிக்காரர்கள் வந்தார்கள். பையன், அவன் அம்மா, தாய்மாமன். குற்றாலநாதன் அமைதியான பையன், குறை சொல்ல முடியாது. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. வடிவு காப்பித் தட்டோடு வந்து நின்றாள். முகத்தில் பல்வலி, ஹீலியோஸைவிடப் பத்து மடங்கு.

பையனின் அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு எங்கம்மாவிடம் மெதுவாக, தப்பாக நினைக்கக்கூடாது, படத்தில் இருப்பது வேறு பெண் மாதிரி இருக்கிறதே என்றாள். தாய்மாமன் உடனே, இந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் என்னதான் செய்யமுடியாது, கழுதையைக்கூட குதிரை ஆக்கிவிடலாம் என்று சொல்லிச் சிரித்தார்.

கம்ப்யூட்டர்! என் படத்தைப் பார்த்து! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஐயா, இது பிலிம், இதில் ஒரு மயிரிழையைக்கூட மாற்றவில்லை, பட்டது பட்டபடி பதிந்திருக்கிறது என்று ஆரம்பித்து, கழுவுவது பிரிண்ட் போடுவது எல்லாவற்றையும் விளக்கினேன். தாய்மாமன் பஜ்ஜியைத் தின்றுகொண்டே தலையை ஆட்டினார். அவர் நம்பவில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. படத்தை எடுத்தவனையே வரவழைக்கிறேன், அவன் வாயாலேயே கேளுங்கள் என்று எபனேசருக்குப் போன் போட்டேன். நெகட்டிவ், கேமரா, லென்ஸ் எல்லாவற்றோடும் உடனே வா என்றேன். "அண்ணே, வேண்டாம்ணே" என்றாள் வடிவு. நீ சும்மா இரு, இது மானப்பிரச்சினை என்றேன். சங்கரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பாளையங்கோட்டையிலிருந்து வர அரைமணி நேரமாவது ஆகும். எபனேசர் ஐந்து நிமிஷத்தில் வந்தான். எங்கள் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தானாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராப் பையும் கையுமாக அங்கே அவனுக்கு என்ன வேலையோ. முகத்தில் ரத்தமே இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே வா, அந்த லென்ஸை மாட்டு, இங்கேயே ஒரு படம் எடுத்துக் காட்டு என்றேன். தாய்மாமனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னல் கதவைக்கூட விரியத் திறந்தேன். எபனேசர் கேமராவைத் தூக்கவில்லை. அப்படியே நின்றான். வடிவு தலையை நிமிர்த்தினாள்.

அவ்வளவுதான். அந்த முகம். அந்தப் படத்தில் இருந்த அதே முகம், ஒரு மாற்றமும் இல்லை. கேமராவின் மூடியைக்கூட யாரும் கழற்றவில்லை.

"பாத்தியளா? இதத்தான் நான் அப்பவே பிடிச்சுச் சொல்லுதேன்!" என்றேன் நான். நான் ஒருத்தன்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

பையனின் அம்மா படத்தைப் பார்த்தாள். வடிவைப் பார்த்தாள். வடிவின் கண் போன திசையில் திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு போட்டோவை எங்கம்மா கையில் கொடுத்தாள்.

"போட்டோல தப்பில்லம்மா. நாங்கதான் எடம் மாறி உக்காந்துட்டோம். எந்திரி நாதா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தாய்மாமன் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டே காரில் ஏறினார். குற்றாலநாதன் வாசலில் எபனேசர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். அடிக்கப்போகிறான் என்று நான் ஓடினேன்.

"என்ன லென்ஸ் சார் இது?" என்று கேட்டான்.

"பேர் தெரியாதுங்க" என்றான் எபனேசர்.

மார்ச் 13, திங்கள்

கடையைத் திறக்கவில்லை. அம்மா பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சங்கரிக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமாம். இந்த வீட்டில் தெரியாதவர்கள் நானும் அம்மாவும்தானாம். அம்மாவையும் என்னையும் ஒரே வரிசையில் வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வடிவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். ஊர் முழுக்கத் தெரியவிட்டு எனக்கு மட்டும் மறைத்திருக்கிறாயே, நான் உனக்கு அண்ணன் இல்லையா என்றேன்.

"எத்தன தடவ சொல்ல வந்தேன்? வாய அசைக்காத, வாய அசைக்காதன்னுட்டியே" என்றாள். என்னைத் திட்டவில்லை, அழுதாள். இந்த வரன் தட்டிப்போனால் போதும் என்றுதான் முதலில் நினைத்தாளாம். பிறகு, லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்க்கிற சாக்கில் ஒருநாளாவது அண்ணனுக்குத் தானாகவே புரிந்துவிடாதா என்று காத்திருந்தாளாம். என்னிடம் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் முன்னாடியே, ஒரு கீரை ஆய்கிற நேரத்தில், எனக்குப் புரிந்துதான் இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நான் அம்மாவிடம் பேசுகிறேன் என்றேன். பேச்சில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவன் வேதக்காரன், நாங்கள் சைவம். அம்மா வெங்காயம் கூட வெள்ளிக்கிழமை சேர்க்கமாட்டாள்.

மார்ச் 14, செவ்வாய்

பேசினேன். அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள்.

மார்ச் 16, வியாழன்

அம்மா இன்று வெளியே வந்து காப்பி போட்டாள். கையில் அந்தப் போட்டோ. அடுப்படியில் என்னையும் சங்கரியையும் நிற்கவைத்துவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா போனதுலேந்து இந்த முகத்த நான் பாக்கல உலகு. செத்துப்போச்சுன்னு நெனச்சேன். பெத்தவ எனக்குக் காட்டாத முகத்த அந்தப் பையனுக்குக் காட்டிருக்கா. அவன விட்டுட்டு வேற எவங்கிட்ட நான் இவளக் குடுக்க?"

சொல்லிவிட்டு அழுதாள். சங்கரியும் அழுதாள். காப்பி பொங்கி வழிந்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

மார்ச் 19, ஞாயிறு

அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து காரை எடு என்றாள். நான், அம்மா, சங்கரி மூவரும் பாளையங்கோட்டை போனோம். பாலத்தில் போகும்போது அம்மா, அவர்கள் வீட்டில் கறி மீன் எல்லாம் உண்டுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எம்மவளத் திங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அத நீயே சொல்லிரு. எனக்கு வாய் வராது" என்றாள்.

நேற்றே சொல்லியனுப்பியிருந்ததால் எபனேசரின் அம்மா ரூபி டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எங்கம்மாவைவிட அவருக்குத்தான் படபடப்பு அதிகம் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருக்கும் இது லேசான காரியமில்லை, சபையில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். பலகாரமெல்லாம் சைவ ஓட்டலில் வாங்கி, தட்டும் தம்ளரும் புதிதாக வாங்கி வைத்திருந்தார். ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை. அம்மா அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள். கறி மீன் விஷயத்தை நான் ஆரம்பிப்பதற்குள், வேண்டாம் என்று என் தொடையைக் கிள்ளினாள்.

இரண்டு அம்மாக்களும் என்ன பேசுவதென்று தெரியாமல் வெயிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு முட்டுவலி பற்றி. அதில் இருவருக்கும் ஒரே டாக்டர் என்று தெரிந்ததும் பேச்சு ஓடியது. கல்யாணம் கோயிலிலா சபையிலா என்ற இடம் வந்தபோது இரண்டு பேரும் மறுபடி வெயிலுக்கே திரும்பினார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸ் ஒன்று இருக்கிறதே என்றாள் சங்கரி. அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. அம்மா இப்போது எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது, வடிவிடம் போய் நான் என்ன சொல்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் எபனேசர் தட்டோடு வந்தான். எனக்கு நேராக நீட்டினான்.

"காப்பி எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி."

அம்மா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இங்க பாருங்க தம்பி" என்றாள். "இனிமே அவன அண்ணாச்சின்னு கூப்பிடாதிய. முறை தப்பிரும். அத்தான்னு கூப்பிடுங்க."

எபனேசர் வாயைத் திறந்தான். "அண்ணா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ரூபி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் காப்பியை எடுக்காமல் காத்திருந்தேன்.